பதினேழாம் எண் கல்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கல் வந்து சேர்ந்தது.

கூரபில் ரயில் நிலையத்தில் இப்போது ரயில் நிற்பதில்லை. நடைமேடை மட்டும் இருக்கிறது. அதன் ஓரத்தில் சிமென்ட் தளம் போட்டு, நாலு நாளாகக் காயவிட்டிருந்தார்கள். கிரேன் கல்லைத் தூக்கி அதன்மேல் இறக்கியபோது நாங்கள் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆள் உயரம். நல்ல சிவப்பு. வெர்னா பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெர்சி மாமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொப்பியைக் கழற்றினார்.

கல்லைப் பற்றி முடிவு செய்தது அவர்தான். 1931 முதல் 1966 வரை இந்த நடைமேடையிலிருந்து எங்கள் பூர்வகுடிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரை, பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி, வெள்ளைக்கார அரசாங்கம் ரயிலேற்றி அனுப்பியது. அதற்கொரு நினைவுக்கல் வைப்பது என்று ஆனபோது, மாமா ஒரே ஒரு விஷயம் கேட்டார். கல் எங்கள் ஊர்க் குன்றிலிருந்து வர வேண்டும். பிள்ளைகளைப் பிடித்துப்போக வரும் அரசாங்க வெல்ஃபேர் காரின் புழுதி ரோட்டில் தெரிந்தவுடன் அவருடைய அம்மா பிள்ளைகளைக் குன்றுக்கு ஓட்டிப்போய்ப் பாறைகளுக்குப் பின்னால் படுக்கவைப்பாராம். பல தடவை தப்பினார்கள். 1960இல் ஒரு நாள் கார் மறுபக்கத்து வழியாக வந்தது. பெரியம்மாவுக்கு ஐந்து வயது, மாமாவுக்கு மூன்று. ஒருத்தரைக் கிழக்கே போகும் ரயிலில் ஏற்றினார்கள், ஒருத்தரைத் தெற்கே போகும் ரயிலில். அவர்களுக்குத் தங்கையான என் அம்மா அதற்கு எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

"எங்கள ஒளிச்சு வச்ச கல்லு மேலயே எங்க பேரு இருக்கட்டும்" என்று மாமா கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

கிரேன் போன பிறகு நான் கல்லின் பின்பக்கம் போனேன். இடுப்பு உயரத்தில், கட்டைவிரல் நகம் அளவில், விசிறி மாதிரி ஒரு தடம் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே ஐந்தாறு.

சிப்பிகள்.

நான் படித்தது நிலவியல். இங்கே பருத்திக்காரர்களின் மண்ணைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. எங்கள் குன்றின் கல் எனக்கு நன்றாகத் தெரியும். அது ஆறு கொண்டுவந்து போட்ட மணல். கையில் சொரசொரக்கும், நடுநடுவே வெள்ளைக் கூழாங்கல் பதிந்திருக்கும். அங்கே எந்தக் காலத்திலும் கடல் இருந்ததில்லை. இந்தக் கல் வழவழப்பாக இருந்தது. இது கடலின் தரை.

"என்னடி, கல்லுக்கு முத்தம் குடுக்கப் போறியா?" பெரியம்மா முன்பக்கத்திலிருந்து கத்தினார். "வா இந்தப் பக்கம், போட்டோ எடுக்கறாங்க."

போனேன். போட்டோவில் நான் மட்டும் காமிராவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் களப்பயணம் போனபோது சுத்தியலால் தட்டி எடுத்த மாதிரிகள், மொத்தம் இருபத்துமூன்று. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு எண். எந்த இடம், எந்தத் தேதி என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். பெரியம்மாவின் வீட்டில்தான் நான் தங்கியிருக்கிறேன், இந்தப் பெட்டி அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

எங்கள் ஜனங்கள் அடுத்தவர் மண்ணிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அது எடுத்தவரைச் சும்மா விடாது. மாமா இளவயதில் ஆட்டு மயிர் கத்தரிக்க வடக்கே போனபோது, அழகாயிருந்தது என்று ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நாலு மாசம் உட்கார முடியாத இடத்தில் கட்டி. கடைசியில் கல்லை ஷூ பெட்டியில் வைத்து, அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தபாலில் அனுப்பினார். 'தயவு செய்து இதை மலையடியில் வைக்கவும், அவசரம்' என்று ஒரு சீட்டும் வைத்தாராம். கட்டி ஆறிவிட்டது. கிறிஸ்துமஸ் தோறும் இந்தக் கதை வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் கட்டிலுக்கடியை நினைத்துக்கொண்டிருப்பேன்.

பதினேழாம் எண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அதே சிவப்பு, அதே வழவழப்பு, அதே விசிறி. கிழக்கே நாலு மணி நேரத் தொலைவில் உள்ள மலையடியில் தட்டியது. வேறு ஜனங்களின் மண்.

செவ்வாய்க்கிழமை மாமாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் முறை என்னுடையது. இரண்டு மணி நேரப் பயணம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள். வியாழனும் சனியும் ஆஸ்பத்திரி வேன் வரும். கல் திறப்பு விழாவை முதலில் வசந்தத்துக்குத்தான் வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி பெரியம்மாவைத் தனியே கூப்பிட்டு, இந்தக் குளிரை மாமா தாண்டுவது கஷ்டம் என்று சொன்ன பிறகு இந்த வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

பாதி வழியில் கல்லைப் பற்றிச் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது வசதியாக இருந்தது.

மாமா சிரிக்க ஆரம்பித்தார்.

"கிரெக்குப் பய. செவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சிருப்பான்."

கிரெக் நகர சபையில் நினைவுக்கல் வேலையைக் கவனிக்கிறவர். பிறகுதான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. குன்றிலிருந்து கல் எடுக்க அனுமதி வர ஆறு மாசம் ஆகும். தேதியை முன்னால் இழுத்ததால் அவர் ஒரு தோட்டக்கல் கடைக்குப் போய், அதே நிறத்தில் ஒன்றைப் பார்த்து எடுத்துவிட்டார். மாமாவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார்.

"பெரியம்மாகிட்ட எப்படிச் சொல்றது மாமா?"

"சொல்லாத."

"ஆனா…"

"லியோனி. அறுபத்திநாலு வருஷமா அவ இந்த ஒரு நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கா. பேர வாசிக்க கண்ணாடி கூட புதுசா மாத்தியாச்சு. சொல்லாத."

"உங்க ஷூ பெட்டி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வர்றது எனக்கு வரட்டும். இனிமே எனக்குப் புதுசா என்ன வந்துடப் போவுது?"

"அந்தக் கல்லுல நாப்பத்தொரு பேரு இருக்கும் மாமா. அதுக்கு உங்கள மட்டும் எப்படித் தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது, "வெள்ளிக்கிழம எனக்கும் வேணும்" என்றார். "அவளுக்கு மட்டும் இல்ல."

அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்தில் ஒரே மண்ணை இரண்டு தடவை எடை போட்டேன். புதன்கிழமை மதியம் சாப்பிடாமல் ரயில் நிலையத்துக்குப் போனேன். கிரெக் அங்கே துளைக்கருவியோடு நின்றுகொண்டிருந்தார். பெயர்ப் பலகையை மாட்டக் கல்லில் நாலு துளை போட்டு முடித்திருந்தார். தரையில் சிவப்புத் தூள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

நான் தூளைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "காத்து அதிகமா இருக்கு" என்றேன்.

வீட்டில் பெரியம்மா சமையலறையில் நின்று பெயர்களை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். பட்டியலில் ஆண்டு வாரியாக இருந்தது. முப்பதாவது வரியில் அவர், முப்பத்தொன்றில் மாமா. முப்பத்தொன்றுக்கு வரும்போதெல்லாம் குரல் உடையும், நிறுத்துவார், டீயைக் குடிப்பார், முதலிலிருந்து தொடங்குவார்.

"நீ என்ன கதவுல சாஞ்சுக்கிட்டு? நேத்துலேருந்து ஒரு வார்த்த இல்ல. வாய எங்கயாச்சும் மறந்து வச்சிட்டு வந்தியா?"

"வேலை அதிகம்."

"மண்ணுக்கு என்னடி அவசரம்? அது எங்கயும் ஓடாது."

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். பெரியம்மா வாளியும் துணியும் எடுத்துக்கொண்டார். "புழுதியோட நாளைக்கு எல்லார் முன்னாடியும் நிக்க வைக்க முடியாது" என்றார். கல்லைத்தான் சொன்னார். நான் கார் ஓட்டினேன்.

முன்பக்கத்தைக் கழுவிவிட்டு அவர் பின்பக்கம் போனார். நான் அழுக்குத் தண்ணீரை ஊற்றப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் குனிந்து, புதுக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. படிச்சவளே, இது என்ன?"

"சிப்பி."

"சிப்பியா? நம்ம குன்றுல கடலு எப்ப வந்துச்சு?"

"வரல பெரியம்மா."

அவர் நிமிர்ந்தார். ஈரத் துணி கையிலேயே இருந்தது.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழம."

"பெர்சிக்கு?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"அவனுக்கும் தெரியும். நல்லது." துணியை வாளிக்குள் போட்டார். "யாரோட கல்லுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்ற?"

இதற்குத்தான் நான் நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"எங்கிட்ட அதுல ஒரு துண்டு இருக்கு" என்றேன்.

பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை பார்த்தார்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல. வகுப்புல எல்லாரும் எடுத்தாங்க."

"அவங்க எடுப்பாங்க. நீ யாரு வூட்டுப் புள்ள?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

ஏழு பேரிடம் பேசினார். யாரிடமும் விஷயத்தை நேரே கேட்கவில்லை. முதலில் உறவு. "நான் கூரபில் வெர்னா. ஆத்தங்கரை வூடு. ஆமா, டென்னிஸுக்கு அக்கா முறை. இல்ல இல்ல, அந்த டென்னிஸ் இல்ல, மூக்கு ஒடஞ்ச டென்னிஸ்." அங்கிருந்து டென்னிஸின் மனைவி, அவளோடு வேலை பார்த்தவள், அவளுடைய மாமியார். ஒருத்தர் இவரை வேறு யாரோ வெர்னா என்று நினைத்து பழைய சண்டையை ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, அவ செத்து பத்து வருஷமாச்சு, என்ன விடுங்க" என்றார் பெரியம்மா. ஏழாவதாகக் கிடைத்தவர் பெயர் டோரீன். அந்த மலையடி ஜனங்களில் மூத்தவர்.

"அக்கா, உங்க கல்லு ஒண்ணு எங்ககிட்ட இருக்கு" என்றார் பெரியம்மா.

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆமா. யாரும் கேக்கல… ஆள் உயரம்… ஆமா அக்கா. ஓட்ட போட்டுட்டாங்க. நாலு."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு வராங்க. அதுல யார் பேரயும் மாட்டக்கூடாதாம்."

நாலு மணிக்கு மாமா வேனிலிருந்து இறங்கினார். டயாலிசிஸ் நாளில் அவர் முகம் சாம்பல் நிறமாக இருக்கும். மேசையில் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"ஏண்டா மறச்ச?" என்றார் பெரியம்மா.

"உனக்காகத்தான்."

"எனக்காகவா? எனக்காகன்னு சொல்லிச் சொல்லி எல்லாரும் ஏதாச்சும் செய்றீங்க. ஒருத்தராச்சும் என்னக் கேட்டீங்களா? அன்னிக்கு அந்தக் கார்க்காரனும் இதத்தான் சொன்னான், எங்க நல்லதுக்குன்னு."

"என்னயும் அவனயும் ஒண்ணாச் சேத்துட்ட."

"நீதான் சேந்துட்ட."

மாமா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், சின்னப் பையன் கேட்பது போலக் கேட்டார்: "அப்ப நாளைக்கு ஒண்ணும் இல்லையா?"

பெரியம்மா கெட்டிலை இறக்கினார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு டோரீன் வந்தார், இரண்டு மருமகன்களோடு ஒரு பழைய வேனில். குட்டையானவர். நேரே கல்லிடம் போய் உள்ளங்கையை வைத்து, அவர்கள் பேச்சில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சுற்றி வந்தார். ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

கிரெக் முகம் வெளுத்து நின்றிருந்தார். பெரியம்மா காலையிலேயே அவரிடம் பேசிவிட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?" என்று டோரீன் கேட்டார்.

"ஒரு கடையிலங்க."

"கல்லுக்குக் கடையா?" அவர் மருமகன்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். "சரி தம்பி. கொண்டுவந்த கிரேனையே கூப்பிடு. திங்கக்கிழம வீட்டுக்குக் கொண்டுபோயிடுவோம்."

"மன்னிச்சுக்கணும். நான் நல்லதுக்குன்னு…"

"அந்த வார்த்தய மட்டும் இன்னிக்கு இங்க சொல்லாத" என்றார் பெரியம்மா.

பத்தரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அறுபது பேராவது இருக்கும். சிலர் தட்டில் முட்டை சாண்ட்விச் கொண்டு வந்தார்கள். எல்லோரும் கல்லைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். நடந்ததை அவர் நாலு வரியில் சொன்னார். "பலகை இருக்கு. மாட்ட எடம் இல்ல" என்று முடித்தார்.

டோரீன் மடக்கு நாற்காலி ஒன்றைக் கல்லின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க நடத்துங்க. தெரியாத ஊருல இது தனியா நிக்க வேணாம்னுதான் நான் இங்க."

பலகை என் காரின் பின்பக்கம் போர்வையில் சுற்றி இருந்தது. வெண்கலம். தரையில் வைக்க யாருக்கும் மனசில்லை. சுவரில் சாய்க்கலாம் என்றார் கிரெக். அது பழைய டிக்கெட் அறைச் சுவர். பிள்ளைகளுக்கு டிக்கெட் கிழித்தது அங்கேதான்.

"இங்க குடு" என்றார் மாமா.

"கனம்டா" என்றார் பெரியம்மா.

"குடுன்னா குடேன்."

மடியில் வைத்தோம். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், மறுபக்கத்தை டென்னிஸ். உண்மையிலேயே மூக்கு உடைந்திருந்தது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆட்கள் வந்து, மாமாவின் மடிக்குக் குனிந்து, பெயரைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சில பெயர்களுக்கு யாருமே வரவில்லை. அப்போதெல்லாம் மாமாவே விரலை வைத்தார். முப்பதாவது வரியில் பெரியம்மா தன் பெயரை மற்றவர் பெயர் போல வேகமாக வாசித்தார். முப்பத்தொன்றில் நின்றார்.

"படி. நான் இங்கதான இருக்கேன்" என்றார் மாமா.

வாசித்தார். குரல் உடையவில்லை.

நாற்பத்தொன்று முடிந்து, டீ ஊற்ற ஆரம்பித்த பிறகு நான் டோரீனிடம் போனேன். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்த பதினேழாம் எண்ணைக் கொடுத்தேன். பெரியம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டோரீன் அவிழ்த்துப் பார்த்தார். "இந்த நம்பர் எதுக்கு?"

"எங்கேருந்து எடுத்தேன்னு தெரியறதுக்கு."

"அப்ப அந்த எடம் தெரியும்?"

"தெரியும். அடி கணக்கா தெரியும்."

அவர் அதைச் சுற்றி என் கையிலேயே திருப்பி வைத்தார். "அப்ப நீயே வந்து வை. தபால்ல அனுப்பாத." மாமாவின் கதை அதற்குள் அவர் வரைக்கும் போயிருந்தது. "மிச்சத்த யார்கிட்ட சொல்லணும்னு உங்க பெரியம்மாகிட்ட கேளு. போன்ல நல்லாப் பேசறாங்க."

மிச்சம் இருபத்திரண்டு. எந்தெந்த ஜனங்கள் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொரு கல்லுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கிரெக் மாமாவின் நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குன்றுக் கல்லுக்கான விண்ணப்பத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிடுவார். அவசரம் என்று எழுதுவார். அப்படியும் ஆறு மாசம். எட்டும் ஆகலாம்.

"ஆவட்டும்" என்றார் மாமா. "நான் எங்க போறேன்? செவ்வா, வியாழன், சனிதான் வெளிய போவேன்."

கிரெக் சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நானும் சிரிக்கவில்லை. இது ஜூன் மாசம். உலகத்தின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் குளிர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஒரு மணிக்கு ஆட்கள் கிளம்பினார்கள். பெரியம்மா கோப்பைகளை வாளியில் போட்டார். டோரீன் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார். டென்னிஸ் எப்போதோ போய்விட்டார். பலகை மாமாவின் மடியில் அப்படியே இருந்தது.

"குடுங்க மாமா, கார்ல வைக்கிறேன். கனமா இருக்கும்."

"இருக்கு" என்றார் மாமா.

கொடுக்கவில்லை.